பிரிண்டரும் கணினியும் எப்படிப் பேசிக்கொள்கின்றன? சமாந்தரத் துறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்துப் பற்றுச்சீட்டு அடிக்கும் கடைக்காரர்கள், அதைத் திருத்தப் பழகும் பெடியன்கள், ஐசிரி படிக்கும் மாணவர்கள் ஆகியோர் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்வி சுருக்கமாக இருந்தாலும் விஷயம் பெரிதாக இருக்கும் இடங்களில் பதிலை நீட்டியிருக்கிறேன். சமாந்தரத் துறை என்பது பழைய கணினிகளின் பின்பக்கத்தில் பிரிண்டர் கேபிளை மாட்டும் 25 பின் இணைப்பு.

யூஎஸ்பி இருக்கும்போது இந்தப் பழைய 25 பின் துறையைப் பற்றி ஏன் படிக்க வேண்டும்?

இந்த மெஷின்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதால்தான். டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரின் ஊசிகள் றிப்பனைக் குத்தி எழுதுகின்றன. அதனால் ஒரே அடியில் மேல் கடதாசியும் கீழே இருக்கும் கார்பன் கொப்பிகளும் பதிந்துவிடும். லேசரோ இங்க்ஜெட்டோ இதைச் செய்ய முடியாது. வாடிக்கையாளருக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, களஞ்சியத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்கும் வியாபாரிக்கு இதுவே மலிவான வழி.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் துறையில் ஒவ்வொரு வயருக்கும் ஒரு வேலை, ஒரு பெயர். கடதாசி முடிந்தால் அதற்கென்று ஒரு வயர் சொல்லும். அதை ஒரு சாதாரண மல்ரிமீற்றரை வைத்தே பார்த்துவிடலாம். யூஎஸ்பியில் அப்படி முடியாது. இரண்டு வயருக்குள் எல்லாம் கலந்து ஓடும், கையால் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. திருத்தக்கூடிய ஒரு பொருளை அதன் மொழி தெரியாததால் எறிந்துவிடுவது எனக்கு மனதுக்கு ஒப்பாத காரியம்.

சமாந்தரம் என்று ஏன் சொல்கிறார்கள்?

ஓர் எழுத்துக்கு 8 பிற்று, ஒவ்வொரு பிற்றும் 0 அல்லது 1. அந்த 8 பிற்றும் 8 தனி வயர்களில் ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாகப் போகின்றன. தொடர் துறையில் அவை ஒரே வயரில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, ஒரு எழுத்து கணினியிலிருந்து பிரிண்டருக்குப் போகும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

இதுதான் இந்தப் பக்கத்தின் உயிர்நாடி. அதனால் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’யை அனுப்பப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 65. துவித எண்ணில் 01000001. தரவு வயர்கள் எட்டுக்கும் டி0 முதல் டி7 வரை பெயர். கணினிப் பக்கத்து 25 பின் பிளக்கில் அவை 2ஆம் பின்னில் தொடங்கி 9ஆம் பின்னில் முடிகின்றன. 65க்கு டி0வும் டி6உம் மட்டும் 1. அதாவது 2ஆம் பின்னிலும் 8ஆம் பின்னிலும் வோல்ற்றளவு உயர்ந்து நிற்கும், மற்ற ஆறும் தாழ்ந்து நிற்கும். இங்கே உயர்வு என்பது 2 வோல்ற்றுக்கு மேல், தாழ்வு என்பது 0.8 வோல்ற்றுக்குக் கீழ். இடையில் நின்றால் அது என்னவென்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை.

ஆனால் கணினி எடுத்த எடுப்பில் எழுத்தை வைத்துவிடுவதில்லை. முதலில் 11ஆம் பின்னைப் பார்க்கிறது. அதற்குப் பெயர் பிஸி. அது உயர்ந்திருந்தால் பிரிண்டர் வேறு வேலையில் இருக்கிறது, காத்திரு என்று அர்த்தம். தாழ்ந்திருந்தால் அனுப்பலாம்.

பிஸி தாழ்ந்திருக்கிறது. கணினி 65ஐ எட்டு வயரிலும் வைக்கிறது. வைத்தவுடன் பிரிண்டர் அதை எடுத்துக்கொள்வதில்லை. எட்டு வயரிலும் வோல்ற்றளவு ஒரே கணத்தில் நிலைப்படுவதில்லை, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அரைகுறையாக வாசித்தால் பிழையான எழுத்து வரும். அதனால் குறைந்தது அரை மைக்ரோ செக்கன் பொறுத்து, கணினி 1ஆம் பின்னைத் தாழ்த்துகிறது. அதுதான் ஸ்ட்ரோப். ‘தரவு இப்போது சரியாக இருக்கிறது, வாசி’ என்கிற கட்டளை அது. ஸ்ட்ரோப் சும்மா இருக்கும்போது உயர்ந்திருக்கும், வேலை சொல்லும்போதுதான் தாழும். குறைந்தது அரை மைக்ரோ செக்கன் தாழ்ந்து நின்று திரும்ப உயரும். உயர்ந்த பிறகும் இன்னொரு அரை மைக்ரோ செக்கனுக்குத் தரவு அசையாமல் இருக்க வேண்டும்.

ஸ்ட்ரோப் வந்ததும் பிரிண்டர் எட்டு பிற்றையும் தன் உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு பிஸியை உயர்த்துகிறது. அந்த எழுத்தைத் தன் நினைவகத்தில் போட்டு முடித்ததும் 10ஆம் பின்னை ஒரு சில மைக்ரோ செக்கன் தாழ்த்திக் காட்டுகிறது. அது அக்னாலெட்ஜ், திருத்துபவர்கள் சுருக்கமாக ஆக் என்பார்கள். ‘கிடைத்தது’ என்பது அதன் பொருள். அதோடு பிஸியும் தாழும். அடுத்த எழுத்து வரலாம்.

ஒரு பக்கம் முழுக்க இப்படித்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்வி, ஒரு கட்டளை, ஒரு பதில். கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர் அகப்பையோடு நின்றாலும் இலைக்காரர் ‘காணும்’ என்று கை காட்டினால் நிறுத்தத்தான் வேண்டும், பிஸி அந்தக் கை. எழுதும் வேகத்தைக் கணினி தீர்மானிப்பதில்லை, பிரிண்டர்தான் தீர்மானிக்கிறது. இது பிடிபட்டால் பாதிப் பழுதுகள் தாமாக விளங்கிவிடும்.

பிஸி இருக்கிறதே, அப்புறம் எதற்கு ஆக்?

பிஸி ஒரு நிலை. எவ்வளவு நேரம் வேலையோ அவ்வளவு நேரமும் உயர்ந்து நிற்கும். வந்த எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் நினைவகமான பஃபர் நிறைந்துவிட்டாலும், பொத்தானை அழுத்தி ஆஃப்லைனில் (தரவு வாங்காத நிலையில்) விட்டாலும், கடதாசி முடிந்தாலும் அது உயர்ந்தே இருக்கும். ஆக் ஒரு துடிப்பு. எழுத்துக்கு ஒரு தடவை வந்துபோகும்.

பிஸியை அறிய கணினி திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்க வேண்டும். ஆக் அப்படியில்லை, அது வரும்போது இன்ரறப்ட் 7 என்ற குறுக்கீட்டுச் சமிக்ஞையால் கணினியைத் தட்டி எழுப்ப முடியும், அதுவரை கணினி வேறு வேலை பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய ஐபிஎம் பிசிக்குள் பதிந்திருந்த அடிப்படை நிரலான பயோஸ் வழியாக அச்சிட்ட டாஸ் (விண்டோஸுக்கு முந்திய இயங்குதளம்) நிரல்கள் பிஸியை மட்டும் பார்த்துக் காரியத்தை முடித்துக்கொண்டன. ஆக் வயர் அறுந்த கேபிளில் ஒரு நிரல் அச்சிடும், இன்னொன்று அச்சிடாது என்பதற்கு இதுதான் காரணம். அப்படி ஒரு முறைப்பாடு வந்தால் முதலில் 10ஆம் பின்னைப் பாருங்கள்.

மற்ற வயர்கள் என்ன சொல்கின்றன?

பிரிண்டர் கணினிக்குச் சொல்வதற்கு மொத்தம் ஐந்து வயர். பிஸி, ஆக் இரண்டையும் பார்த்துவிட்டோம். 12ஆம் பின் பேப்பர் எண்ட், கடதாசி தீர்ந்தால் உயரும். 13ஆம் பின் செலக்ட், பிரிண்டர் ஒன்லைனில் இருக்கிறது என்பதைச் சொல்லும். 15ஆம் பின் எரர், ஏதும் கோளாறு என்றால் தாழும்.

இவற்றை மீற்றரால் பார்க்கலாம் என்றேன் அல்லவா? பிரிண்டரை ஒன்லைனில் வைத்து 12ஆம் பின்னுக்கும் கிரவுண்டான (பொதுவான 0 வோல்ற்று) 25ஆம் பின்னுக்கும் இடையே அளந்தால் கிட்டத்தட்ட பூச்சியம் காட்டும். கடதாசியை உருவிவிட்டு அளந்தால் 4, 5 வோல்ற்றுக்கு ஏறும். கூடவே பிஸியும் ஏறும், எரர் தாழும். கடதாசி இருந்தும் 12 உயர்ந்தே நிற்கிறதா? கேபிளைக் கழற்றி பிரிண்டரின் துறையிலேயே அளந்து பாருங்கள். அங்கேயும் உயர்ந்திருந்தால் உள்ளே கடதாசியை உணரும் சென்சரில் தூசியோ கடதாசித் துண்டோ இருக்கும். ஸ்ட்ரோப்பையும் ஆக்கையும் மீற்றரில் தேட வேண்டாம், அவை கண் இமைப்பதற்குள் ஆயிரம் தடவை வந்து போய்விடும். அதற்கு லொஜிக் புரோப் அல்லது ஒசிலோஸ்கோப் வேண்டும்.

கணினி பிரிண்டருக்குச் சொல்வது நான்கு. ஸ்ட்ரோப் 1ஆம் பின். 14 ஆட்டோ ஃபீட், அதைப் பிறகு பார்ப்போம். 16 இனிட், அதை 50 மைக்ரோ செக்கனாவது தாழ்த்தினால் பிரிண்டர் புதிதாகச் சுவிச் போட்டதுபோல் முதலிலிருந்து தொடங்கும், பஃபரில் இருந்ததும் போய்விடும். 17 செலக்ட் இன், கணினி பிரிண்டரைத் தெரிவுசெய்யும் வயர். 18 முதல் 25 வரை எல்லாம் கிரவுண்ட்.

கணினிப் பக்கம் 25 பின், பிரிண்டர் பக்கம் 36. ஏன் இப்படி?

பிரிண்டர் பக்கத்து பிளக்கைச் சென்ட்ரோனிக்ஸ் என்று சொல்கிறோம். அது அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹட்சன் ஊரில் இருந்த ஒரு பிரிண்டர் நிறுவனத்தின் பெயர். 1970இல் அவர்கள் கொண்டுவந்த மொடல் 101 பிரிண்டரோடு இந்த இணைப்பு முறையும் வந்தது. வாங் நிறுவனத்தின் கணிப்பான்களுக்கென்று வாங்கி மிஞ்சிக் கிடந்த 36 பின் இணைப்பிகளைத்தான் அதற்குப் பாவித்தார்கள். பிறகு மற்றப் பிரிண்டர்க்காரர்களும் அதையே பின்பற்ற, எழுதப்படாத விதியாகிவிட்டது.

36 பின் தாராளமாக இருந்ததால் முக்கியமான ஒவ்வொரு சமிக்ஞைக்கும் தனித்தனிக் கிரவுண்ட் வயர் கொடுக்க முடிந்தது. 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது அட்டையின் பின்பக்கத்தில் அவ்வளவு பெரிய இணைப்பிக்கு இடமில்லை. கிரவுண்டுகளை எட்டாகக் குறைத்து 25 பின்னில் அடக்கினார்கள். பிசிப் பக்கம் துளை உள்ள பெண் இணைப்பி என்றால் அது பிரிண்டர் துறை. அதே 25 பின்னில் ஆண் இணைப்பி என்றால் அது தொடர் துறை, பிரிண்டர் கேபிளை அதில் மாட்டக் கூடாது. தொடர் துறையில் 12 வோல்ற்று வரை போகும், அதுவும் நேர் மறை இரண்டு பக்கமும்.

பற்றுச்சீட்டில் எண்கள் பிழையாக விழுகின்றன. பிரிண்டர் பழுதா?

தலையைக் கழற்றுவதற்கு முன் அந்தப் பிழைகளை உற்றுப் பாருங்கள். ஒழுங்கில்லாமல் விழுகிறதா, ஓர் ஒழுங்கோடு விழுகிறதா?

ஒரு உதாரணம். 2480.00 என்று வர வேண்டிய தொகை 3591/11 என்று வருகிறது. எண்களுக்கு நடுவே இடைவெளி வர வேண்டிய இடமெல்லாம் ஆச்சரியக்குறி. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் அடித்தால் ஜே இருக்கும் இடத்தில் கே, எஃப் இருக்கும் இடத்தில் ஜி, என் இருக்கும் இடத்தில் ஓ. ஏ மட்டும் ஏயாகவே இருக்கிறது.

இதில் பெரிய மர்மம் இல்லை. 2இன் ஆஸ்கி எண் 50. அது 51 ஆனால் 3. 4இன் எண் 52, அது 53 ஆனால் 5. இடைவெளி 32, ஆச்சரியக்குறி 33. புள்ளி 46, சாய்கோடு 47. இரட்டை எண்கள் எல்லாம் ஒன்று கூடி ஒற்றை எண்களாகியிருக்கின்றன. ஏ ஏற்கெனவே 65, ஒற்றை எண், அதனால் மாறவில்லை. ஆக, டி0 எப்போதும் 1 ஆகவே வாசிக்கப்படுகிறது. கேபிளில் 2ஆம் பின்னின் வயர் அறுந்திருக்கிறது. இணைப்பு இல்லாத உள்ளீட்டைப் பெரும்பாலான பிரிண்டர்கள் 1 என்றே எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் உள்ளே அதை 5 வோல்ற்றுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்ரர் இருக்கும். பற்றுச்சீட்டு முழுவதிலும் ஓர் இரட்டை இலக்கம்கூட இல்லை என்றால் மீற்றரை எடுக்காமலே சொல்லிவிடலாம்.

அதே டி0 அறுந்து போகாமல் கிரவுண்டோடு ஒட்டிக்கொண்டால் கதை வேறு. அப்போது ஒற்றை எண்கள் இரட்டையாகும். 1357 என்பது 0246 ஆகிவிடும். அதைவிட மோசம், வரி முடிவில் தலையை இடப்பக்கம் திருப்பும் குறியின் எண் 13. அது 12 ஆகிவிடும். 12 என்பது ‘பக்கத்தைத் தள்ளு’ என்ற கட்டளை. அதனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழுக் கடதாசி வெளியே ஓடும். கடைக்காரர் பிரிண்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார். பிரிண்டரோ சொன்னதை அப்படியே செய்துகொண்டிருக்கும்.

டி5 தாழ்ந்து ஒட்டினால் சின்ன எழுத்தெல்லாம் பெரிய எழுத்தாகும், எண்களும் இடைவெளிகளும் காணாமல் போகும். டி7 உயர்ந்து நின்றால், எப்சன் வகையில் சாய்வெழுத்து அட்டவணை தெரிவாகியிருந்தால், எல்லாமே சாய்வாக விழும். படக்குறி அட்டவணை தெரிவாகியிருந்தால் கட்டம் போடும் கோடுகளும் கிரேக்க எழுத்துகளும் விழும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல், சில நேரம் சரியாகவும் சில நேரம் பிழையாகவும் வந்தால்தான் கேபிள் நீளம், தளர்ந்த பிளக், கிரவுண்ட் என்ற பக்கம் போக வேண்டும். சில எழுத்துகள் இரண்டு தடவை விழுவதும் இடையில் எழுத்து விட்டுப்போவதும் பெரும்பாலும் ஸ்ட்ரோப் வயரின் கோளாறு.

வரிக்கு வரி நடுவே ஒரு வெற்று வரி விழுகிறது. அல்லது எல்லா வரியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. எதனால்?

ஒரு வரி முடிய இரண்டு காரியம் நடக்க வேண்டும். தலை இடப்பக்கம் திரும்ப வேண்டும், அதற்கு எண் 13. கடதாசி ஒரு வரி ஏற வேண்டும், அதற்கு எண் 10. சில நிரல்கள் இரண்டையும் அனுப்பும், சில 13ஐ மட்டும் அனுப்பும். 14ஆம் பின் ஆட்டோ ஃபீட் தாழ்ந்திருந்தால், 13 வரும்போதெல்லாம் பிரிண்டர் தானாகவே கடதாசியையும் ஏற்றும்.

நிரலும் 10ஐ அனுப்பி, ஆட்டோ ஃபீட்டும் தாழ்ந்திருந்தால் இரட்டிப்பு ஏற்றம், நடுவே வெற்று வரி. இரண்டும் இல்லையென்றால் ஒன்றன்மேல் ஒன்று. பிரிண்டரின் சொந்த அமைப்பிலும் இதற்கு ஒரு தெரிவு உண்டு. பழைய மொடல்களில் டிப் சுவிச், பிந்தியவற்றில் முன்பக்கப் பொத்தான்களை வைத்து மாற்றும் அமைப்பு. அங்கே தொடங்குங்கள்.

தமிழில் அடித்தால் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது? கேபிளின் வேகம் போதாதா?

கேபிளில் பிழை இல்லை.

பிரிண்டரின் உள்ளே ஆங்கில எழுத்து வடிவங்கள் நிரந்தரமாகப் பதிந்திருக்கின்றன. 65 என்று ஒரு பைற்று (8 பிற்று) வந்தால் போதும், எந்த ஊசி எப்போது குத்த வேண்டும் என்பது அதற்குத் தெரியும். 80 எழுத்து வரிக்கு 80 பைற்று, முடிவில் இன்னும் இரண்டு. தமிழ் வடிவம் உள்ளே இல்லை. அதனால் விண்டோஸ் அந்த வரியைப் படமாக மாற்றி அனுப்புகிறது. 9 ஊசித் தலையில் 8 ஊசியைப் படத்துக்குப் பாவித்தால், ஒரு பைற்று என்பது செங்குத்தாக 8 புள்ளி. அங்குலத்துக்கு 120 புள்ளி என்று 8 அங்குல அகலத்துக்கு 960 பைற்று. அதுவும் ஒரு அங்குலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு உயரத்துக்கு மட்டும். ஒரு தமிழ் வரியின் கொம்பும் சுழியும் முழுதாக வர தலை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஓட வேண்டும்.

செக்கனுக்கு 150 கிலோபைற்று வரை இந்தப் பழைய துறையில் கொண்டுபோகலாம். 960 பைற்று அதற்கு ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு வேலைகூட இல்லை. மீதி நேரம் முழுக்கப் பிஸி உயர்ந்து நிற்கிறது, தலை ஓடி முடியும் வரை. தாமதம் அங்கேதான்.

இதோடு வரும் இன்னொரு முறைப்பாடு பாமினி எழுத்துரு. ‘தமிழ்’ என்று அடித்தது ஜே, கே, பி, ஓ என்று ஆங்கிலச் சின்ன எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் விழுகிறது என்பார்கள். பாமினியில் த என்ற வடிவம் ஆங்கில ஜேயின் எண்ணில் இருக்கிறது, ம கேயின் எண்ணில். படமாக அனுப்பினால் தமிழ் வரும். எழுத்தாக அனுப்பினால் பிரிண்டர் தன் உள்ளே இருக்கும் ஜேயைத்தான் அடிக்கும். பிரிண்டருக்கு ஏற்றபடி தரவை மாற்றி அனுப்பும் விண்டோஸ் நிரலை டிரைவர் என்பார்கள். ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ என்ற டிரைவரைத் தெரிவுசெய்திருந்தால் இப்படித்தான் ஆகும். பிரிண்டருக்குரிய டிரைவரைப் போடுங்கள்.

கணினியின் உள்ளே இந்த வயர்கள் எப்படித் தெரிகின்றன?

மூன்று பதிவகங்களாக, அதாவது நிரல் எழுதவும் வாசிக்கவும் கூடிய முகவரி உள்ள மூன்று சிறு நினைவிடங்களாக. முதல் பிரிண்டர் துறைக்குப் பெயர் எல்பிடி1. வழக்கமாக அதன் முகவரிகள் பதினறும (16ஐ அடியாகக் கொண்ட) எண்ணில் 378 தரவு, 379 நிலை, அதற்கு அடுத்தது கட்டுப்பாடு. தரவுப் பதிவகத்தில் 65 எழுதினால் 2ஆம், 8ஆம் பின்கள் உயரும். நிலைப் பதிவகத்தை வாசித்தால் அந்த ஐந்து வயரும் மேல் ஐந்து பிற்றுகளாக வரும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, மாணவர்கள் கவனிக்க வேண்டும். பிஸி உள்ளே வரும்போது தலைகீழாகும். வெளியே தாழ்ந்திருந்தால் பிற்று 1. பயன்படாத கடைசி மூன்று பிற்றும் பெரும்பாலும் 1 என்றே வரும். ஆகவே எல்லாம் தயாராக இருக்கும் பிரிண்டர் 11011111 என்று காட்டும், அதாவது 223. கடதாசி முடிந்தால் பிஸி, பேப்பர் எண்ட், எரர் மூன்றும் மாறி 01110111, அதாவது 119. இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வைத்தால் டாஸில் ஒரு வரி நிரல் எழுதிப் பிரிண்டரின் நிலையைச் சொல்லிவிடலாம். கட்டுப்பாட்டுப் பக்கம் ஸ்ட்ரோப், ஆட்டோ ஃபீட், செலக்ட் இன் மூன்றும் தலைகீழ், இனிட் மட்டும் நேர்.

கேபிள் எவ்வளவு நீளம் போகலாம்?

சாதாரண கேபிள் 2 மீற்றர் வரை நம்பலாம். ஐஇஇஇ 1284 என்று மேலே அச்சிட்ட நல்ல கேபிள் 10 மீற்றர் வரை. அதில் ஒவ்வொரு சமிக்ஞை வயரும் தன் கிரவுண்டோடு முறுக்கப்பட்டிருக்கும், வெளியே கவசமும் இருக்கும். தட்டையான ரிப்பன் கேபிளை நீட்டி முன்கடையிலிருந்து பின்கடைக்குக் கொண்டுபோவது வேண்டாத வேலை. பக்கத்து வயரின் துடிப்பு ஸ்ட்ரோப்பில் ஏறினால் பிரிண்டர் இல்லாத எழுத்தை வாசிக்கும்.

பயோஸில் எஸ்பிபி, இபிபி, இசிபி என்று இருக்கிறதே, எதைத் தெரிவுசெய்வது?

இவை துறை வேலை செய்யும் முறைகள். பழைய டொட் மெட்ரிக்ஸுக்கு எஸ்பிபி, சில கணினிகளில் ‘நோர்மல்’ என்று இருக்கும்.

மற்றவை இருவழிப் பேச்சுக்காக வந்தவை. முதலில் தரவு வயர்களில் கணினி மட்டும்தான் பேச முடியும். பிரிண்டர் தன் மொடல் பெயரைச் சொல்ல விரும்பினாலும் வழியில்லை. அதற்கு ஒரு கெட்டிக்கார வழி கண்டுபிடித்தார்கள். நிலை வயர்கள் ஐந்தில் நான்கைப் பாவித்து, ஒரு பைற்றை நான்கு நான்கு பிற்றாக இரண்டு தடவையில் திருப்பி அனுப்புவது. அதுதான் நிபிள் முறை. பிறகு தரவு வயர்களையே இரண்டு பக்கமும் ஓட விட்டு, ஸ்ட்ரோப், பிஸி, ஆக் என்று நடக்கும் கைகுலுக்கலை நிரலிலிருந்து எடுத்து வன்பொருளிடம் ஒப்படைத்து, செக்கனுக்கு 2 மெகாபைற்று வரை கொண்டுவந்தவை இபிபியும் இசிபியும். எல்லாவற்றையும் 1994இல் ஐஇஇஇ 1284 ஒரே நியமத்துக்குள் கொண்டுவந்தது. ஸ்கேனர், ஸிப் (Zip) டிரைவ் என்ற வட்டு இயக்கி போன்றவை இந்தத் துறையில் ஓடியது அந்த வேகத்தால்தான்.

மின்னல், உப்புக்காற்று இதையெல்லாம் இந்தத் துறை தாங்குமா?

மின்னலைத் தாங்காது. யூஎஸ்பியைப் போல ஓடும்போது மாட்டிக் கழற்றவும் இது செய்யப்படவில்லை. இரண்டு பக்கமும் சுவிச்சை நிறுத்திய பிறகே கேபிளில் கை வைக்க வேண்டும். கணினியை ஒரு சொக்கெட்டிலும் பிரிண்டரை புவித்தொடுப்பு இல்லாத இன்னொரு சொக்கெட்டிலும் போட்டிருந்தால், இரண்டு உடலுக்கும் இடையே உள்ள வோல்ற்றளவு வித்தியாசம் கிரவுண்ட் வயர் வழியாகத்தான் பாயும். இரண்டையும் ஒரே புவித்தொடுப்புள்ள பலகையில் மாட்டுங்கள். ஐப்பசி மழை இடிமுழக்கத்தோடு தொடங்கும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுக் கடை பூட்டுங்கள். அடிபட்டால் முதலில் போவது கணினிப் பக்கத்துத் துறைச் சிப்தான், அது தாய்ப்பலகையிலேயே இருக்கும்.

உப்புக்காற்று மெதுவாக வேலை காட்டும். குருநகர், காரைநகர், ஊர்காவற்றுறை போன்ற கரையோரக் கடைகளில் சென்ட்ரோனிக்ஸ் பிளக்கின் தகடுகளில் பச்சை படர்வதைக் காணலாம். ஐசோபுரொப்பைல் அற்ககோலும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். மணற்கடதாசி போட வேண்டாம், மேற்பூச்சு போய்விட்டால் அடுத்த மாரிக்குள் இன்னும் மோசமாகும். இரண்டு பக்கக் கம்பிக் கொளுக்கிகளையும் கட்டாயம் மாட்டுங்கள். பல ‘பழுதுகள்’ அந்தக் கொளுக்கியோடு தீர்ந்துவிடும்.

புதுக் கணினியில் இந்தத் துறையே இல்லை. யூஎஸ்பி கேபிள் வாங்கிப் போட்டால் சரியா?

விண்டோஸ் நிரலிலிருந்து அச்சிடுவதென்றால் பெரும்பாலும் சரி. பழைய டாஸ் நிரல் என்றால் யோசியுங்கள். யூஎஸ்பியிலிருந்து சென்ட்ரோனிக்ஸுக்கு மாற்றும் கேபிள் விண்டோஸுக்கு ஒரு யூஎஸ்பி பிரிண்டராகத்தான் தெரியும். 378 என்ற முகவரி அங்கே இல்லை, எல்பிடி1உம் இல்லை. பிரிண்டரைப் பகிர்ந்து, ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி1ஐ அந்தப் பகிர்வுக்குத் திருப்பிவிட்டால், எல்பிடி1க்கு எழுதும் நிரல்கள் வேலை செய்யும். முகவரியை நேரே தொடும் நிரல் அப்போதும் வேலை செய்யாது. 64 பிற்று விண்டோஸில் 16 பிற்று டாஸ் நிரலே ஓடாது என்பதையும் கணக்கில் எடுங்கள். மேசைக் கணினி என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் சமாந்தர அட்டை யூஎஸ்பி கேபிளைவிட நல்லது. அதில் உண்மையான துறை இருக்கிறது, முகவரி மட்டும் வேறாக இருக்கும்.

பழுது கணினியிலா, கேபிளிலா, பிரிண்டரிலா என்று எப்படிப் பிரித்தறிவது?

முதலில் கேபிளைக் கழற்றிவிட்டுப் பிரிண்டரின் சுயபரிசோதனையை ஓட்டுங்கள். பெரும்பாலான எப்சன் மொடல்களில் முன்பக்கப் பொத்தான் ஒன்றை அழுத்தியபடி சுவிச் போட்டால் அது தானே எழுத்துகளை அடிக்கும். அது சுத்தமாக வந்தால் தலை, றிப்பன், மோட்டர் எல்லாம் நலம். அப்புறம் கேபிளை மாட்டி, கட்டளைச் சாளரத்தில் ‘எக்கோ’ கட்டளையால் ஒரு வரியை எல்பிடி1க்கு அனுப்பிப் பாருங்கள். இதற்கு டிரைவர் தேவையில்லை. இது வந்து நிரலிலிருந்து வரவில்லையென்றால் டிரைவர் அல்லது நிரல். அடித்த வரி பார்வைக்கு வராமல் உள்ளேயே நின்றால் பக்கம் தள்ளும் பொத்தானை அழுத்துங்கள்.

இன்னும் சந்தேகம் என்றால் ஹெக்ஸ் டம்ப். இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தியபடி சுவிச் போட்டால் பல எப்சன் பிரிண்டர்கள் அந்த நிலைக்குப் போகும். அதன் பிறகு வரும் எதையும் எழுத்தாக எடுக்காமல் வந்த பைற்றைப் பதினறும எண்ணாகவே அச்சிடும். ஏ அனுப்பினால் 41 விழ வேண்டும், வரி முடிவுக் குறிகளும் எண்ணாகவே தெரியும். ஒவ்வொரு பிற்றும் மாறிவரும்படி ஒரு வரியை அனுப்பி, விழுந்த எண்களை அனுப்பியவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த பிற்று எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறதோ அதோடு 2ஐக் கூட்டுங்கள், அதுதான் கணினிப் பக்கத்துப் பின் எண். அங்கே மீற்றரை வையுங்கள்.